வீடற்ற இளைஞர்: கணக்கெடுப்பும் தடுப்பும்

ஒரு நாட்டில் எத்தனை ஏக்கர் நிலம் பயிராகிறது, எத்தனை டன் எஃகு உற்பத்தியாகிறது என்பவற்றைக் கணக்கிடுவதற்கு நன்கு பழகிய முறைகள் உண்டு. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எஃகு ஆலையின் வாயிலில் நிறுக்கப்படுகிறது. மக்களைக் கணக்கிடுவது இவற்றினும் கடினமான பணி. எனினும், அதற்கும் ஒரு பற்றுக்கோடு உண்டு, அது வீடு. குடிமதிப்பு அலுவலர் முதலில் வீடுகளுக்கு எண் இடுகிறார். பின்னர் ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டி, உள்ளே வாழ்வோரைப் பட்டியலில் பதிகிறார். கதவே இல்லாதவரை அவர் எங்கே சென்று காண்பது? வீடற்றோரைக் கணக்கெடுப்பதில் உள்ள இடர்ப்பாடு முழுவதும் இந்த ஒரு வினாவில் அடங்கியுள்ளது.

வீடற்றவர் இளம் வயதினராயின் இடர்ப்பாடு மேலும் பெருகுகிறது. முதியவர் ஒருவர் ஒரே நடைபாதையில் பல ஆண்டுகள் தங்கியிருக்கக் கூடும். இளைஞர் அவ்வாறு தங்குவதில்லை. இன்று நண்பன் வீடு, நாளை உறவினர் வீடு, அடுத்த வாரம் இரயில் நிலையம், அதற்கடுத்து வேலை பார்க்கும் கடையின் உட்புறம் என அவர்தம் இருப்பிடம் மாறிக்கொண்டே இருக்கிறது. வீட்டை விட்டு ஓடி வந்தவர், தம்மைத் தேடுவோர் கண்ணில் படாதிருக்க முயல்கிறார். பலர் தம்மை வீடற்றவர் என்று எண்ணுவதுகூட இல்லை. கணக்கில் வராதவர்க்குத் திட்டத்திலும் இடம் கிடைப்பது அரிது. ஆகவே, இவர்களை அளந்தறியும் முறையைப் பற்றிய ஆராய்ச்சி, புள்ளியியல் அறிஞர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று.

குடிமதிப்பு காட்டுவதும் காட்டாததும்

இந்தியக் குடிமதிப்பில் வீடற்ற குடும்பம் என்பதற்குத் தெளிவான வரையறை உண்டு. கட்டடங்களிலோ குடிமதிப்பு வீடுகளிலோ வாழாமல், சாலையோரம், நடைபாதை, பெருங்குழாய்கள், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, வழிபாட்டிடங்களின் திறந்த வெளி, மண்டபம், இரயில் நிலைய மேடை போன்ற இடங்களில் வாழ்வோர் இவ்வகையினர். 2011-ஆம் ஆண்டில், பிப்ரவரி 28-ஆம் நாள் இரவில் இவர்களைக் கணக்கெடுக்கும் பணி நடைபெற்றது. நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 இலட்சம் பேர் வீடற்றவராகக் காணப்பட்டனர். 2001-ஆம் ஆண்டின் தொகை 19.4 இலட்சம். மொத்தத் தொகை குறைந்தது போல் தோன்றினும், நகரங்களில் இத்தொகை 7.8 இலட்சத்திலிருந்து 9.4 இலட்சமாக உயர்ந்தது, குறைந்தது கிராமப்புறத்தில்தான்.

இந்த எண்கள் பயனுடையன. ஆயினும், இளைஞரைப் பொறுத்தவரை இவற்றில் பெரும் இடைவெளி ஒன்று உள்ளது. தேநீர்க் கடையில் வேலை பார்த்து, இரவில் அக்கடையின் தரையிலேயே உறங்கும் 16 வயதுச் சிறுவனை எடுத்துக்கொள்ளலாம். அவன் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. அக்கடையும் குடிமதிப்பில் எண் பெற்ற ஒரு கட்டடமே. ஆதலின் அவன் வீடற்றோர் பட்டியலில் இடம் பெறுவதில்லை. வேலை போனால் அன்றே கூரையும் போய்விடும். குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்ட சிறுமி, நிறுவனத்தில் வாழ்வோர் கணக்கில் சேர்கிறாள். உறவினர் வீட்டில் சில நாள் ஒண்டியிருப்பவன் அக்குடும்பத்தின் பட்டியலில் சேர்கிறான். அல்லது ஒரு பட்டியலிலும் சேராமற் போகிறான். இம்மூவரும் தமக்கென ஓர் இல்லம் இல்லாதவர். ஆயினும் மூவரும் வீடற்றோர் தொகையில் அடங்கார்.

வரையறை எங்கே தொடங்குகிறது?

கூரை வேறு, இல்லம் வேறு என்னும் இக்கருத்தை ஆராய்ச்சித் துறையில் தெளிவாக வகுத்தவர்களுள் ஆஸ்திரேலிய அறிஞர்களான சேம்பர்லின், மெக்கன்சி ஆகிய இருவர் குறிப்பிடத் தக்கவர். 1992-ஆம் ஆண்டில் அவர்கள் வீடின்மையை மூன்று படிகளாகப் பிரித்தனர். வெட்டவெளியிலும் பாழடைந்த கட்டடங்களிலும் உறங்குவது முதற்படி. இரவுத் தங்குமிடங்களிலும், நண்பர், உறவினர் வீடுகளிலும் மாறி மாறித் தங்குவது இரண்டாம் படி. தனிக் குளியலறையோ சமையலறையோ இன்றி, தங்கும் உரிமைக்கு உறுதியும் இன்றி, வாடகை விடுதி அறைகளில் நெடுநாள் வாழ்வது மூன்றாம் படி. ஒரு சமுதாயம் தன் மக்களுக்கு இன்றியமையாதது எனக் கருதும் குறைந்த அளவு வசதியை உரைகல்லாகக் கொண்டு இப்பிரிவுகள் அமைந்தன.

வரையறை மாறினால் தொகை எவ்வளவு மாறும் என்பதற்கு அந்நாட்டின் 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு நல்ல சான்று. அதன்படி ஆஸ்திரேலியாவில் வீடற்றோர் 1,22,494 பேர். இவர்களுள் வெட்டவெளியிலோ தற்காலிகக் கூடாரங்களிலோ தங்கியிருந்தவர் 7,636 பேர் மட்டுமே. மிகப் பெரும்பகுதியினர், அதாவது 47,895 பேர், அளவுக்கு மிஞ்சிய நெருக்கடி நிறைந்த வீடுகளில் இருந்தனர். தெருவில் உறங்குவோரை மட்டும் எண்ணியிருப்பின், பதினாறில் ஒரு பங்கே கணக்கில் வந்திருக்கும். மொத்தத் தொகையில் 12 முதல் 24 வயது வரையுள்ளோர் 28,204 பேர். இது நூற்றுக்கு 23 ஆகும். இதுவும் குறைவான மதிப்பீடே என்பதை அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை ஒப்புக்கொள்கிறது. நண்பர் வீடுகளில் தங்கியிருக்கும் இளைஞரைப் பற்றிக் கேட்கும்போது, அவர் விட்டு வந்த பெற்றோர் வீடே வழக்கமான முகவரியாகக் குறிக்கப்படுவது இதற்குக் காரணம்.

வயது வரம்பும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. கனடாவில் 13 முதல் 24 வரை. ஆஸ்திரேலியாவில் 12 முதல் 24 வரை. இந்தியாவின் 2014-ஆம் ஆண்டுத் தேசிய இளைஞர் கொள்கையில் இளைஞர் எனப்படுவோர் 15 முதல் 29 வயது வரையினர். இவ்வேறுபாடுகளைக் கருதாமல் ஒரு நாட்டின் எண்ணை மற்றொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிடுவது பொருந்தாது.

ஓரிரவுக் கணக்கும் ஓராண்டுக் கணக்கும்

வரையறை ஒன்றாகவே இருப்பினும், கணக்கிடும் கால அளவைப் பொறுத்தும் விடை மாறும். இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரண்டு ஊர்கள் உள்ளன எனக் கொள்வோர், முதல் ஊரில் 30 முதியவர் ஆண்டு முழுவதும் வீடின்றித் தெருவில் வாழ்வதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் ஊரில் நாளொன்றுக்கு ஓர் இளைஞர் புதிதாக வீட்டை இழக்கிறார். 30 நாள் அலைந்தபின் அவருக்கு எங்கேனும் இடம் கிடைத்துவிடுகிறது. ஏதேனும் ஓர் இரவில் சென்று எண்ணினால் இரண்டு ஊர்களிலும் 30 பேரே தென்படுவர். ஆனால், ஓராண்டில் முதல் ஊரில் வீடின்மைக்கு ஆளானோர் அதே 30 பேர்; இரண்டாம் ஊரிலோ, ஆண்டின் தொடக்கத்தில் இருந்த 30 பேரும் புதிதாக வந்த 365 பேரும் சேர்ந்து 395 பேர்.

இளைஞரின் வீடின்மை பெரும்பாலும் இரண்டாம் ஊரின் இயல்பை ஒத்தது. அது விட்டு விட்டு வரும் காய்ச்சலைப் போன்றது. ஓர் இரவில் பார்த்தால் பலர் நலமாகவே தோன்றுவர். எனவே, ஓரிரவுக் கணக்கு நெடுநாள் வீடற்றோரை மிகுத்தும், இடையிடையே வீடிழக்கும் இளைஞரைக் குறைத்தும் காட்டுகிறது.

தடுப்பு முறைகளைத் தேர்ந்தெடுப்பதிலும் இவ்வேறுபாடு முக்கியமானது. இரண்டாம் ஊரில், இடம் தேடித் தரும் பணியை விரைவுபடுத்தி, அலையும் காலத்தை 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைப்பதாகக் கொண்டால், ஓரிரவுத் தொகை 15 ஆகிவிடும். ஆனால், ஓராண்டில் துன்புற்றோர் தொகை 380, ஏறக்குறைய முன்போலவே. மாறாக, வீட்டை இழப்போரையே பாதியாகக் குறைத்தால், ஓரிரவுத் தொகை அதே 15 ஆகக் குறைவதோடு, ஓராண்டுத் தொகையும் 200-க்குக் கீழே இறங்கும். ஓரிரவுக் கணக்கை மட்டும் வைத்துள்ள நகராட்சிக்கு இவ்விரு வெற்றிகளுக்கும் இடையே வேறுபாடு தெரியாது. அளவுகோல் குறையுடையதாயின், தடுப்பின் பயனும் மறைந்துவிடும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கு ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் கடைசிப் பத்து நாட்களுள் ஓர் இரவில் வீடற்றோர் எண்ணப்படுகின்றனர். 2017-ஆம் ஆண்டில் குடும்பத் துணையின்றித் தனியே இருந்த 25 வயதுக்குட்பட்டோர் ஏறத்தாழ 41,000 பேர் என அக்கணக்கு காட்டியது. அதே ஆண்டில் சிகாகோப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த சேப்பின் ஹால் ஆராய்ச்சி நிலையம், நாடு தழுவிய மாதிரி அளவாய்வு ஒன்றின் முடிவை வெளியிட்டது. கடந்த 12 மாதங்களில் எப்போதேனும் வீடின்றி இருந்ததுண்டா என்பது அதன் வினா. 18 முதல் 25 வயது வரையுள்ளோருள் பத்தில் ஒருவரும், 13 முதல் 17 வயது வரையுள்ளோருள் முப்பதில் ஒருவரும் ஏதேனும் ஒருவகை வீடின்மைக்கு ஆளாகியிருந்தனர். முன்னவர் தொகை ஏறத்தாழ 35 இலட்சம். பின்னவர் தொகை குறைந்தது 7 இலட்சம். நண்பர் வீடுகளில் மாறி மாறித் தங்கியோரும் இதில் அடங்குவர்.

41,000 எங்கே, 42 இலட்சம் எங்கே? இரண்டும் பொய் அல்ல. முன்னது ஓர் இரவில் கண்ணுக்குத் தெரிந்தவர் தொகை. பின்னது ஓராண்டில் துன்பம் தொட்டவர் தொகை. ஓர் இரவுக்கு எத்தனை படுக்கை வேண்டும் எனத் திட்டமிடுவோர்க்கு முன்னதைப் போன்ற எண் தேவை. வீடிழப்பைத் தடுக்க விரும்புவோர்க்குப் பின்னது இன்றியமையாதது. இந்த ஆய்வு மற்றொரு தவறான எண்ணத்தையும் நீக்கியது. வீடின்மை நகரத்து நோய் எனப் பலர் கருதியிருந்தனர். ஆனால் 18 முதல் 25 வயது வரையுள்ளோரிடையே நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 9.6 பேரும், கிராமப்புறத்தில் 9.2 பேரும் இதற்கு ஆளாகியிருந்தனர். கிராமத்தில் தெருவில் படுத்துறங்கும் இளைஞர் கண்ணில் படுவதில்லை. அதனால் அவர் இல்லை என்று ஆகிவிடாது.

மறைந்திருப்போரை மதிப்பிடும் முறை

கண்ணில் படாதவரை எவ்வாறு எண்ணுவது? குளத்து மீனை எண்ணும் விலங்கியலார் கையாளும் ஒரு முறை இங்கே துணை புரிகிறது. வலையிற் பட்ட மீன்களுக்கு அடையாளமிட்டு மீண்டும் குளத்தில் விடுவர். சில நாள் கழித்து மறுபடியும் வலை வீசுவர். இரண்டாம் முறை பிடிபட்டவற்றுள் அடையாளமிட்டவை எவ்வளவு என்பதைக் கொண்டு குளத்து மீன் முழுவதையும் மதிப்பிடுவர்.

இதே கருத்தை மக்கட் கணக்குக்குப் பொருத்தியதில் இந்திய மண்ணுக்கும் பங்குண்டு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் பதிவான பிறப்பு, இறப்பு விவரங்களை ஆதாரமாகக் கொண்டு, சி. சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பதிவு அலுவலரின் பட்டியல் ஒன்று. வீடுவீடாகச் சென்று விசாரித்த பட்டியல் மற்றொன்று. இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டிலும் விட்டுப்போன நிகழ்ச்சிகளை மதிப்பிடும் வழியை அவர்கள் வகுத்தனர். இரு தனிப் பதிவுகளை ஒப்பிடும் இம்முறை பின்னர் இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டத்திலும் இடம்பெற்றது.

வீடற்ற இளைஞர்க்கு இம்முறை பொருந்துமாறு காண்க. ஒரு நகரின் இரவுத் தங்குமிடப் பதிவேட்டில் ஒரு மாதத்தில் 80 இளைஞர் பெயர் உள்ளது. தெருப் பணியாளர் அதே மாதத்தில் 60 பேரைச் சந்தித்துப் பதிந்துள்ளனர். இரு பட்டியலிலும் இருப்பவர் 24 பேர். முதற்பட்டியலில் மட்டும் உள்ளோர் 56. இரண்டாவதில் மட்டும் உள்ளோர் 36. இவ்விரண்டையும் பெருக்கி, பொதுவான 24-ஆல் வகுத்தால் 84 கிடைக்கும். இதுவே இரு பட்டியலிலும் அகப்படாதோரின் மதிப்பீடு. கண்டறிந்த 116 பேரோடு இதனைச் சேர்த்தால் மொத்தம் 200 ஆகிறது.

ஆயினும் இக்கணக்கு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. ஒரு பட்டியலில் இடம்பெறுவது மற்றதில் இடம்பெறும் வாய்ப்பை மாற்றக் கூடாது. அதிகாரிகளைக் கண்டால் ஒதுங்கும் இளைஞர் தங்குமிடத்துக்கும் செல்லார். தெருப் பணியாளரிடமும் பேசார். அத்தகையோர் மிகுந்திருப்பின் மதிப்பீடு உண்மையினும் குறைந்துவிடும். ஒரே ஆளை இரு பட்டியலிலும் இனங்காண்பதும் எளிதன்று. ஓடி வந்த சிறுவர் இடத்துக்கு ஒரு பெயர் சொல்வதுண்டு. எனவே, இவ்வாறு பெறும் எண்ணை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், ஒரு கீழ் எல்லையாகவும் மேல் எல்லையாகவும் தருவதே அறிவியல் முறை.

பள்ளி வழியே கணக்கெடுப்பது பிறிதொரு வழி. வீடற்ற இளைஞர் அனைவரும் பள்ளியைத் துறந்தவர் அல்லர். ஆஸ்திரேலியாவில் சேம்பர்லினும் மெக்கன்சியும் நாட்டின் அரசு, கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வீடற்ற மாணவர் கணக்கெடுப்பை மும்முறை நடத்தினர். 2001-ஆம் ஆண்டில் 12,227 மாணவரும், 2006-ஆம் ஆண்டில் 9,389 மாணவரும் வீடற்றவராகக் காணப்பட்டனர். பள்ளிச் சீருடையில் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் நேற்றிரவு உறங்கிய இடத்தை ஆசிரியரும் அறியாதிருக்கலாம் என்பதை இக்கணக்குகள் உணர்த்தின. அதனினும் மேலாக, தடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் அவை சுட்டின.

காரணங்கள்

வறுமை ஒன்றே காரணம் எனக் கூறுவது எளிது. ஆனால் வறுமையுற்ற குடும்பங்களிலும் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. குடும்பத்தில் பூசல், அடி உதை, குடி, பெற்றோரின் மறைவு அல்லது மறுமணம், பள்ளியில் தோல்வி, கட்டாயத் திருமணம் பற்றிய அச்சம், வேலை தேடும் ஆசை எனப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்க ஆய்வில், பள்ளி இறுதிச் சான்றிதழ் பெறாத இளைஞர்க்கு வீடின்மை நேரும் இடர், பெற்றோரைவிட 346 விழுக்காடு மிகுந்திருந்தது; அதாவது ஏறத்தாழ நாலரை மடங்கு. பள்ளியை விடுவது வீடின்மைக்குக் காரணமா, இரண்டும் ஒரே துன்பத்தின் விளைவுகளா என்பதை இத்தகைய எண் தனியே காட்டாது. எனினும், யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

கனடாவில் 2016-ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வில் 1,103 வீடற்ற இளைஞர் விடையளித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 40.1 பேர் 16 வயது நிறைவதற்கு முன்பே முதன்முறை வீட்டை இழந்தவர். நூற்றுக்கு 57.8 பேர் எப்போதேனும் குழந்தைப் பாதுகாப்புத் துறையின் கவனத்துக்கு வந்தவர். இவ்விரண்டாம் எண் ஆழ்ந்து கருதத் தக்கது. பாதியினும் மிகுந்தோர் அரசின் கண்ணில் ஒருமுறை பட்டவர். பின்னரும் தெருவுக்கு வந்துவிட்டவர். இவர்கள் எல்லாரும் முன்கூட்டி அறிய முடியாதவர் அல்லர்.

வருமுன் காத்தல்

பொதுச் சுகாதாரத்தில் நோய்த் தடுப்பை மூன்று நிலைகளாக வகுப்பது வழக்கம். வீடின்மைக்கும் அவ்வகுப்பு பொருந்தும். எல்லா இளைஞர்க்கும் உரிய பொதுப் பாதுகாப்பு முதல் நிலை: குறைந்த வாடகை வீடுகள், பள்ளிக் கல்வி, குடும்ப வருவாய்க்கு உறுதி முதலியன. இடர் மிகுந்தவரை முன்னரே அறிந்து உதவுவது இரண்டாம் நிலை. வீட்டை ஏற்கெனவே இழந்தவர் மீண்டும் இழக்காதபடி நிலைநிறுத்துவது மூன்றாம் நிலை. இரவுத் தங்குமிடம் இம்மூன்றனுள் எதிலும் முழுமையாக அடங்காது. அது மழையைத் தடுக்கும் குடை. மழை பெய்யாமல் தடுப்பதன்று. குடை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. குடை ஒன்றே போதும் என்பது தவறு.

இரண்டாம் நிலைத் தடுப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்த ஜீலாங் நகரத் திட்டம். அங்குள்ள மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் அனைவரிடமும் ஒரு வினாத்தாள் தரப்பட்டது. வீட்டில் அமைதி உண்டா, வீட்டை விட்டு வெளியேறியதுண்டா, பள்ளியில் பற்று உண்டா என்பன போன்றவை அதன் பொருள். இவ்விடைகளோடு ஆசிரியர் அறிந்த செய்திகளும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. பின்னர், இடர் மிகுந்தோராகத் தோன்றியவரோடு பணியாளர் நேரில் பேசினர். தேவைக்கேற்ப உதவியும் மூன்று படிகளாக அமைந்தது: சிலரைத் தொடர்ந்து கவனித்தால் போதும், சிலர்க்குக் குறுகிய காலத் துணை வேண்டும், மிகச் சிலர்க்கு, குடும்பம் முழுவதையும் உட்கொண்ட நீண்ட காலப் பணி வேண்டும். பள்ளியும் நலத்துறை அமைப்புகளும் தனித்தனியே இயங்காமல் ஒன்று கூடிப் பணியாற்றியது இத்திட்டத்தின் சிறப்பு.

2013 முதல் 2016 வரை மூன்றாண்டுகளில், அவ்வட்டாரத்தில் வீடற்றோர் உதவி நிலையங்களை நாடி வந்த இளம் வயதினர் தொகை நூற்றுக்கு 40 குறைந்தது. பள்ளியை இடையில் விடுவோர் தொகையும் நூற்றுக்கு 20 குறைந்தது என மதிப்பீட்டறிக்கை கூறிற்று. இது முன்னும் பின்னும் ஒப்பிட்ட கணக்கு. குலுக்கல் முறையில் பிரித்த இரு தொகுதிகளை ஒப்பிட்டதன்று. ஆதலின், குறைவு முழுவதும் திட்டத்தினாலேயே நேர்ந்தது என உறுதிப்படுத்துவதற்கு மேலும் ஆய்வு தேவை. எனினும், இதன் அடிப்படைக் கருத்தைக் கனடாவும் வேல்ஸும் மேற்கொண்டுள்ளன.

பள்ளி முழுவதும் வினாத்தாள் கொடுத்தபின் நேர்முகப் பேச்சு ஏன் தேவை என்பதையும் கணக்கே விளக்கும். 1,000 மாணவர் பயிலும் பள்ளியில் 30 பேர் உண்மையில் இடருக்கு உட்பட்டவர் எனக் கொள்ளலாம். வினாத்தாள் அவருள் நூற்றுக்கு 90 பேரைச் சரியாகப் பிடித்தால் 27 பேர் அகப்படுவர். மற்ற 970 பேருள் நூற்றுக்கு 10 பேரைத் தவறாகச் சுட்டினால் 97 பேர் சேர்வர். ஆக, சுட்டப்பட்ட 124 பேருள் உண்மையில் உதவி வேண்டுவோர் 27 பேரே. இந்த 124 பேரையும் வீட்டை விட்டு ஓடக் கூடியவர் என முத்திரையிட்டால், உதவி செய்யப் புகுந்தவர் தீங்கு செய்தவராவர். ஆதலால், வினாத்தாளின் விடை மறைவாகவே இருத்தல் வேண்டும். அது உரையாடலுக்குத் தொடக்கமேயன்றித் தீர்ப்பு அன்று.

இல்லத்தை விட்டு வெளியேறும் வயது

முன்னரே நாளும் நேரமும் தெரிந்து வரும் இடர் ஒன்று உண்டு. அது, குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்க்கு 18 வயது நிறையும் நாள். பெற்றோரோடு வளர்ந்த இளைஞர் 18 வயதில் வீட்டை விட்டு அனுப்பப்படுவதில்லை. அரசின் பொறுப்பில் வளர்ந்தவர்க்கோ, அந்நாளில் படுக்கையும் உணவும் உறவும் ஒருங்கே முடிவுறக் கூடும். இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ப்புக் குடும்பத்தில் உள்ளோர் விரும்பினால் 21 வயது வரை அங்கேயே தங்க வழி செய்தது. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கக் கூடியவர் எவராயினும் அவர்க்கு முன்னரே உதவும் கடமையை உள்ளாட்சி மன்றங்களுக்கு விதித்தது.

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வீடோ நிலையான உறைவிடமோ வெளிப்படையான வாழ்க்கை ஆதாரமோ இன்றிக் காணப்படும் 18 வயதுக்குட்பட்டவரைக் கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என வரையறுக்கிறது. அத்தகையோர் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்படல் வேண்டும். இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுவோர்க்குப் பொருளுதவி அளிக்கவும் அச்சட்டம் இடந்தருகிறது. விதிகளின்படி இப்பின்கவனிப்பு 21 வயது வரையிலும், சிறப்புக் காரணம் இருப்பின் 23 வயது வரையிலும் நீடிக்கலாம். சட்டம் வழி திறந்துள்ளது. ஆனால் அவ்வழியே சென்றவர் எத்தனை பேர், சென்றபின் எங்கே வாழ்கின்றனர் என்பதைத் தொடர்ந்து பதிந்தால்தான் அதன் பயனை அறிய இயலும்.

இரயில் நிலையம் என்னும் நுழைவாயில்

இந்நாட்டில் வீட்டை விட்டு வரும் சிறுவர்க்கு இரயில் நிலையமே முதற் புகலிடம். அங்கே கூட்டம் உண்டு, தண்ணீர் உண்டு, விளக்கு உண்டு, யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆதலின் அங்கேயே அவர்களை முதலில் சந்திக்கவும் இயலும். இரயில்வே பாதுகாப்புப் படை 2018 முதல் 2024 மே வரை 84,119 குழந்தைகளை இரயில் நிலையங்களிலும் வண்டிகளிலும் கண்டு மீட்டதாக அரசு அறிவித்துள்ளது. 1996-ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 1098 என்னும் தொலைபேசி உதவி எண்ணும் இப்பணியில் பெரும் பங்கு பெற்றது.

வந்து இறங்கிய முதல் சில நாட்களிலேயே இளைஞரைச் சந்திப்பது பெரும் பயன் தரும். வீட்டின் நினைவு அப்போது பசுமையாக இருக்கிறது; தெருவின் பழக்கங்கள் இன்னும் படியவில்லை; சுரண்டுவோர் கையிலும் அவர் சிக்கியிருப்பதில்லை. ஆனால், மீட்டவரை வீட்டில் கொண்டு சேர்ப்பதோடு கணக்கை முடித்துவிடுதல் போதாது. எந்த அடிக்கு அஞ்சி ஓடி வந்தாரோ அந்த அடி அங்கே காத்திருக்குமாயின், அவர் அடுத்த வண்டியில் ஏறுவார்; மீட்கப்பட்டோர் தொகையில் அவர் இருமுறை எண்ணப்படுவார். எத்தனை பேர் மீட்கப்பட்டனர் என்பதோடு, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வீட்டில் அல்லது பாதுகாப்பான வேறிடத்தில் நிலைத்துள்ளனர் என்பதும் எண்ணப்படுமாயின், அதுவே உண்மையான அளவுகோலாகும்.

நகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கக் கூடிய ஓர் இரவுத் தங்குமிடம் என்னும் அளவு, 2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளை அடுத்து நடைமுறைக்கு வந்தது. 2013-ஆம் ஆண்டு முதல் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்திலும் அது இடம்பெற்றது. இது நகரின் மொத்த மக்கள் தொகையைக் கொண்டு அமைத்த அளவு. வீடற்றோரின் தொகையையோ வயதையோ கொண்டு அமைத்ததன்று. முதியவரும் குடிப்பழக்கம் உடையவரும் நிறைந்த கூடத்தில் 17 வயதுப் பெண்ணுக்குப் படுக்கை காலியாக இருப்பினும், அது அவளுக்கு உரிய இடமாகாது.

வேண்டுவன

இந்நிலையில் செய்யத் தக்கவை சில தெளிவாகின்றன. குடிமதிப்பின் ஓரிரவுக் கணக்கோடு, கடந்த 12 மாதங்களில் நிலையான உறைவிடம் இன்றி இருந்ததுண்டா என்னும் ஒரு வினாவை நாடு தழுவிய மாதிரி அளவாய்வுகளில் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. வேலை பார்க்கும் இடத்திலேயே உறங்கும் இளைஞரைத் தனி வகையாகக் குறிப்பதும் இயலும். தங்குமிடம், குழந்தைகள் நலக் குழு, இரயில்வே, தெருப் பணியாளர் ஆகியோரின் பதிவேடுகளைப் பெயர் வெளியிடாது ஒப்பிட்டால், மறைந்திருப்போரின் தொகையை ஓரளவு மதிப்பிடலாம். பள்ளியில் வருகை குறையும் மாணவனைப் பற்றி ஆசிரியர் எழுதும் குறிப்பு, அவன் பெயரை நீக்குவதற்கு மட்டும் பயன்படாமல், அவன் வீட்டு நிலையைப் பரிவோடு விசாரிப்பதற்கும் பயன்படுதல் வேண்டும்.

கணக்கெடுப்பினால் மட்டும் எவருக்கும் வீடு கிடைத்துவிடாது. ஆனால், எத்தனை பேர், எந்த வயதில், எந்த வாயிலின் வழியாக வீட்டை விட்டு வெளியேறுகின்றனர் என்பதை அறியாமல் அவ்வாயிலில் எவரும் நின்று தடுக்க இயலாது. இளைஞரின் வீடின்மை பெரும்பாலும் திடீரென நேர்வதன்று; பள்ளியிலும் இல்லத்திலும் இரயில் நிலையத்திலும் முன்னறிகுறிகள் தென்படுகின்றன. அவ்வறிகுறிகளைக் காணும் நிலையில் உள்ளோர் ஒருவரோடொருவர் கலந்து செயற்படுவார்களாயின், தெருவுக்கு வந்தபின் தேட வேண்டியவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வரும் என எதிர்பார்க்க இடமுண்டு.